குளோரியாவுக்கு எத்தனை காற்றுக்குழாய்

மார்ச் 8, 2025, சனி

இன்றோடு பதினான்கு மணித்தியாலம். இன்னும் இருபத்தாறு. பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டுமென்றால் நாற்பது மணித்தியாலம் சமூக சேவை செய்தே ஆகவேண்டும் என்பது இந்த மாகாணத்துச் சட்டம். என் வகுப்புக் கீதன் உணவு வங்கியில் டின் அடுக்குகிறான். அது சேவை. நான் வெக்ஸ்போர்ட்டில் ஒரு தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில் மாதிரிப் படகுச் சங்கத்துக்குத் தேநீர் ஊற்றுகிறேன், கதிரை மடிக்கிறேன், நடுவர் சொல்லும் புள்ளியை எழுதுகிறேன். இதில் சமூகம் யார் என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

முதல் நாளே "விளையாட்டுப் படகு" என்று சொல்லிவிட்டேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. மாதிரி என்றால் படகு மாதிரி இருந்தால் போதாதாம். பத்தில் ஒன்றாகச் சுருங்கிய உண்மைப் படகாகவே இருக்கவேண்டுமாம். ஒரு ஆணி கூடினாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம்.

பஸ்ஸில் பக்கத்திலிருப்பவர் வாசிக்கக்கூடாது என்றுதான் இதைத் தமிழில் எழுதுகிறேன். லோரன்ஸ் வீதி பஸ்ஸில் பாதிச் சனம் தமிழ், அந்தப் பாதுகாப்பு இல்லை. ஜன்னல் பக்கத்து அன்ரி "ஆணி" வந்த இடத்தில் சிரித்துவிட்டார்.

மார்ச் 9, ஞாயிறு

அம்மாவால்தான் நான் அங்கே போனேன் என்பதை எழுதாமல் விட்டால் கதை நொண்டும்.

அம்மா பெயர் றெஜினா. பல் செய்கிற லாபில் வேலை. பல் வைத்தியர் அச்சு எடுத்து அனுப்புவார், அம்மா மெழுகில் பல் வடித்து, வார்த்து, தேய்த்து, நிறம் சேர்த்துத் திருப்பி அனுப்புவார். பதினோரு வருடமாக இந்த நகரத்தில் ஆயிரக்கணக்கான வாய்களுக்குள் அம்மாவின் வேலை இருக்கிறது. ஒருவருக்கும் அம்மாவைத் தெரியாது. பல் நன்றாக இருந்தால் வைத்தியருக்கு நன்றி. வலித்தால் லாபுக்குத் திட்டு.

மன்னார்க்காரி படகு செய்கிறாள் என்றதும் எல்லோரும் உடனே கடல், மீன், வள்ளம் என்று தொடங்குவார்கள். அம்மாவின் அப்பா தபால்காரர். அம்மாவுக்குக் கடலில் வாந்தி வரும். இரண்டு கோடைக்கு முன் லாப் முதலாளி எல்லோரையும் தன் ஏரிக்கரை வீட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு பழைய மரப் படகு கட்டியிருந்தது. மற்றவர்கள் நீந்தினார்கள். அம்மா இறங்குதுறையில் குப்புறப் படுத்து, பலகையும் பலகையும் சேரும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாரடி, எவ்வளவு கிட்டக் கடிச்சிருக்கு" என்றார். பல்லுக்காரிக்குப் பிடித்த ஒரே படகு அது. அதற்குப் பிறகுதான் இந்தச் சங்கத்தில் சேர்ந்தார்.

சங்கம் வருடத்துக்கு ஒரு பழைய மோட்டார்ப் படகைத் தெரிவு செய்யும். விரும்பியவர்கள் எல்லோரும் அதையே செய்வார்கள். இந்த வருடம் குளோரியா. 1928இல் கட்டிய மகோகனிப் படகு, இருபத்தாறு அடி. மே 31 போட்டி. வெல்கிற மாதிரிப் படகு வடக்கே ஒரு படகு அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வருடம் இருக்கும். பெட்டியில் பித்தளைத் தகடு. தகட்டில் செய்தவரின் பெயர்.

அம்மா தகட்டைப் பற்றி ஒருமுறைதான் பேசினார். சமைத்துக்கொண்டிருந்தபோது, முதுகைக் காட்டியபடி: "பேரை முழுசா அடிப்பினமோ, இல்லாட்டி முதல் எழுத்து மட்டுமோ?"

மார்ச் 15, சனி

சனிக்கிழமைகளில் பாதி முடிந்த படகைக் கொண்டுவந்து நடுவரிடம் காட்டலாம். தலைமை நடுவர் அமிர்தநாதர் அங்கிள். வயது எழுபத்திரண்டு. கொழும்புத் துறைமுகத்தில் இருபது வருடம் இருந்தவராம். துறைமுகத்தில் என்னவாக என்று யாரும் கேட்பதில்லை. பெயரில் அமிர்தம் இருக்கிறது, ஆளில் நாதம் மட்டும்தான். அந்த நாதத்துக்கு மைக் தேவையில்லை.

அம்மா பெட்டியைத் திறந்தார். நான் மகளாக இல்லாவிட்டாலும் சொல்வேன், அழகு. எழுபத்தொன்பது சென்ரிமீற்றர். மேல்தளப் பலகைகளுக்கு இடையே வெள்ளைக் கோடு ஒவ்வொன்றும் பூச்சி மீசை. அங்கிள் கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், கைகளைப் பின்னால் கட்டினார்.

"பல்லுக் கட்டுற கை எல்லே றெஜினா. படகு ஆரையும் கடிக்காமல் பாத்துக்கொள்ளும்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். அதுதான் எனக்குச் சுட்டது.

பிறகு வெள்ளைக் கோடு மெல்லிசு, இரண்டு மடங்கு இருக்கவேண்டும் என்றார். அம்மா வரைபடத்தில் அளந்துதான் போட்டதாக மெதுவாகச் சொன்னார். அங்கிள் அளவுகோலைத் தொடவில்லை. "எனக்குக் கண்ணே சொல்லும்."

வீட்டுக்கு வந்து அம்மா மூன்று தரம் அளந்தார். கோடு சரி. அங்கிளும் ஒருவகையில் அளக்கிறவர்தான். அளவுகோல் இல்லாமல் அளக்கிறார்.

மார்ச் 18

போன மாதம் எங்கள் கட்டடத்து லிஃப்டில் ஒரு அறிவித்தல் ஒட்டினேன்: இந்த லிஃப்ட் இனிக் குரலில் இயங்கும், தமிழும் தெரியும் என்று. பதினோராம் மாடிக் கமலாம்பிகை அன்ரி இன்று வரை உள்ளே வந்து "பதினொண்டு ராசா" என்று சொல்லிவிட்டுத்தான் பொத்தானை அழுத்துகிறார். ராசா என்கிறார்! லிஃப்டுக்கு.

இதையெல்லாம் செய்யத் தெரிந்த எனக்கு ஒரு அமிர்தநாதர் பெரிய விஷயமா?

மார்ச் 29, சனி

வழி கிடைத்துவிட்டது.

மண்டபத்தில் ஒரு தடித்த கோப்பு இருக்கிறது. குளோரியாவின் வரைபடம், பழைய படங்கள் பதினான்கு. புள்ளி போடுவது கோப்பைப் பார்த்துத்தான். உண்மைக் குளோரியா எங்கோ ஏரியில் கிடந்தாலும் அதை யாரும் பார்க்கப்போவதில்லை. கோப்பில் இருப்பதுதான் உண்மை. வரைபடமும் படமும் முரண்பட்டால் படம் சொல்வதே சரி. வரைபடம் கட்டுவதற்கு முன் கீறியது, படம் கட்டிய பிறகு எடுத்தது என்பது நியாயம். யாராவது புதிய படம் கண்டுபிடித்தால் ஏப்ரல் முடிவதற்குள் கொண்டுவரலாம். தலைமை நடுவர் பின்புறத்தில் கையெழுத்து வைத்தால் அதுவும் உண்மையாகிவிடும்.

அதாவது, அமிர்தநாதர் அங்கிளின் கையெழுத்தோடு ஒரு பொய்யை உண்மையாக்கலாம். பிறகு மே 31, எல்லோருக்கும் முன்னால் அவர் அந்தப் படத்தைக் காட்டி நாதம் எழுப்பும்போது, நான் எழுந்து நின்று ஒரே ஒரு வசனம் சொல்லலாம்.

கீதனிடம் சொன்னேன். அவன் பழைய படங்களைத் திருத்துவதில் சூரன். "பிழைச்சா எனக்கு உன்னைத் தெரியாது" என்றான். சம்மதம் என்று அர்த்தம்.

ஏப்ரல் 12, சனி

படம் தயார்.

குளோரியாவின் என்ஜின் மூடிக்கு மேல் இரண்டு காற்றுக்குழாய். வளைந்த கழுத்தும் அகன்ற வாயுமாக, கேள்வி கேட்கிற மாதிரி நிற்கும். இருக்கிற படங்களெல்லாம் பக்கவாட்டில் எடுத்தவை. மூடியின் பின்பாதியில் எப்போதும் ஒரு பணக்காரர் சாய்ந்திருக்கிறார். ஆகவே அங்கே என்ன இருக்கிறது என்று கோப்பை மட்டும் பார்த்து ஒருவராலும் சத்தியம் செய்யமுடியாது. கீதன் பணக்காரரை அழித்தான். அந்த இடத்தில் இன்னும் இரண்டு குழாய் நட்டான். முன்னிரண்டையே பிரதி எடுத்துத் திருப்பி வைத்தான். ஆக நாலு. பின்னால் பென்சிலில் 1931 என்று எழுதினேன். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

அம்மா படகு முடித்துவிட்டார். பதினோராவது வார்னிஷ் போன கிழமையே காய்ந்துவிட்டது. மற்றவர்களும் முடித்துவிட்டார்கள். முடிந்த படகில் யார் கை வைக்கப் போகிறார்கள்? ஒருவருக்கும் கீறல் விழாது. உடைவது ஒரு மூக்கு மட்டும்.

ஏப்ரல் 26, சனி

கடித்தார். தூண்டிலோடு விழுங்கினார்.

பழைய சாமான் விற்கிற இணையத்தளம் ஒன்றில் கிடைத்தது என்று கொடுத்தேன். வெளிச்சத்துக்குப் பிடிக்கவில்லை, மற்றப் படங்களோடு ஒப்பிடவில்லை. முப்பது விநாடி தலையாட்டினார். பிறகு சங்கத்தில் படகு செய்கிற டக் என்ற வெள்ளைக்காரரைக் கூப்பிட்டு, அந்தக் காலத்து என்ஜினுக்கு இரண்டு குழாய் போதாது, நாலு இருந்திருக்கவேண்டும், நான் எத்தனை வருடமாகச் சொல்லிவருகிறேன் என்றார். டக் பாவம், எத்தனை வருடமாகக் கேட்டுவருகிறோம் என்று யோசிக்கிற முகத்தோடு நின்றார்.

கையெழுத்து வைத்தார். "வந்த இடம்" என்ற கட்டத்தில் என்ன எழுதினார் என்று பார்த்தபோது சிரிப்பை அடக்கத் தேநீர் ஊற்றப் போய்விட்டேன். "அ. அமிர்தநாதர், சொந்தச் சேகரிப்பு."

இதுவரை என் வாழ்க்கையில் செய்ததிலேயே இதுதான் அதி சிறந்தது.

மே 2

கணிதச் சோதனை. பரவாயில்லை.

மே 13, செவ்வாய்

குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு மடியில் வைத்து எழுதுறன். எழுத்து இப்பிடித்தான் வரும்.

பள்ளியால் வந்தேன். அம்மா இன்று அரைநாள் லீவு. மேசையில் விளக்கு, பூதக்கண்ணாடி, பல் குடைகிற சின்ன மெஷின், நடுவில் குளோரியா. என்ஜின் மூடியில் நாலு குழாய்.

நாலு.

"நல்ல காலம் பிள்ளை" என்றார் அம்மா. முகமெல்லாம் சிரிப்பு. "அமிர்தநாதர் அண்ணை போன் எடுத்தவர். புதுப் படம் ஒண்டு வந்திருக்காம். எல்லாருக்கும் எடுத்துச் சொல்லியிருக்கிறார், மற்றவை இனி ஏலாது எண்டிட்டினமாம். எனக்கு மனம் கேக்கேல்லை. லாபில மத்தியானச் சாப்பாட்டு நேரம் ரெண்டு வாத்தன். பாரன், முன்னுக்கு நிக்கிறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியுதோ?"

தெரியவில்லை. மெழுகில் வடித்து, வார்த்து, கண்ணாடிபோல் மினுக்கியிருந்தார். பதினொரு பூச்சு வார்னிஷுக்கு ஊடாக இரண்டு துளை. அந்தத் துளைகளை யாராலும் திரும்ப அடைக்கமுடியாது.

அப்பவே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "வடிவா இருக்கு" என்றேன்.

ஏன் அப்பிடிச் சொன்னனான்? ஏன்?

அந்தாள் ஏன் போன் எடுத்தவர்? கெட்டவனென்றால் கெட்டவனாகவே இருக்கவேண்டியதுதானே. ஒரே ஒரு நல்ல காரியம் செய்ய இந்தக் கிழமைதானா கிடைத்தது?

மே 14

அம்மா போட்ட துளை ஒவ்வொன்றும் மூன்றரை மில்லிமீற்றர். அளந்து பார்த்தேன். நான் ஏன் அளக்கிறேன்?

மே 16, வெள்ளி

கீதனிடம் சொன்னேன். சிப்ஸ் பையை முழுதாகக் காலிசெய்தான். பிறகு சொன்னான்:

"லூசு, உனக்கு இன்னும் விளங்கேல்லையோ? கோப்பில நாலு. நாலு வச்ச ஒரே ஆள் உன்ர அம்மா. மற்ற எல்லாருக்கும் புள்ளி வெட்டு. நீ வாயை மூடினா உன்ர அம்மா வெல்லுவா."

இதை நான் யோசிக்கவே இல்லை. சத்தியமாக இல்லை.

இப்போது யோசிப்பதை நிறுத்தமுடியவில்லை.

மே 17, சனி

மண்டபத்துக்குப் போனேன். கோப்பிலிருந்து படத்தை உருவிவிடலாம் என்று ஒரு நினைப்பு. ஏற்கெனவே ஐந்து பிரதி எடுத்து ஒவ்வொரு நடுவரின் பலகையிலும் சொருகியிருந்தார்கள். அங்கிள் எனக்கு மூன்று மணித்தியாலம் எழுதிக் கையெழுத்து வைத்தார். இப்போது முப்பத்திரண்டு.

மே 21

அம்மா போனில் சித்தியோடு: "வெல்லுறது பெரிசில்லை. ஆனா இந்த முறை எல்லாம் சரியா வந்திருக்கு, அதுதான்." அம்மா பொய் சொல்லுகிறார். வெல்லுவதுதான் பெரிது. எனக்கும்தான். வேறு காரணத்துக்காக.

மே 27

ஒரு முடிவு எடுத்தேன். பேசாமல் இருப்பது. ஒரு வசனமும் சொல்லப்போவதில்லை. அங்கிளின் மூக்கு அங்கிளிடமே இருக்கட்டும். அம்மாவின் படகு எல்லாவற்றிலும் நல்லது, அது எனக்குத் தெரியும், டக்குக்கும் தெரியும். பொய்க் கோப்பை வைத்து உண்மையான கெட்டிக்காரிக்குப் பரிசு கொடுத்தால் கணக்கு நேராகிவிடும்தானே?

முடிவு எடுத்தபிறகு சாப்பிட முடிந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

மே 31, சனி

ஒழுங்காக எழுதவேண்டும். ஒழுங்காக எழுதாவிட்டால் நாளைக்கு எனக்குச் சாதகமாக மாற்றிவிடுவேன்.

பச்சைத் துணி விரித்த மேசைகளில் எட்டுக் குளோரியா. ஏழில் இரண்டு குழாய், ஒன்றில் நாலு. முதலில் இரண்டு மீற்றர் தள்ளி நின்று பார்ப்பார்கள், பிறகு கிட்ட வந்து கோப்போடு ஒப்பிடுவார்கள். ஆவணத்திலுள்ளது இல்லாவிட்டால் கழிவு. புள்ளி எழுதுவது நான். அம்மாவின் படகு வரும்போது மட்டும் பேனையை டக்கிடம் கொடுக்கவேண்டும்.

முதல் நாலு படகுக்கும் அங்கிள் ஒரே நாதம்: "குழாய் ரெண்டு குறையுது. ஆறு புள்ளி." நான் எழுதினேன். டக்கின் படகுக்கும் ஆறு வெட்டு. அவர் தோளைக் குலுக்கினார். என் கையெழுத்தில் இருபத்துநாலு பொய்ப் புள்ளி.

ஐந்தாவது அம்மாவுடையது. பேனையைக் கொடுத்துவிட்டுச் சுவரோடு நின்றேன். அங்கிள் கிட்டக் குனிந்து பார்த்து, நிமிர்ந்து, "இதுதான் வேலை" என்றார் தமிழில். அம்மா தரையைப் பார்த்தார். சந்தோஷம் வந்தால் அம்மா தரையைத்தான் பார்ப்பார்.

அருங்காட்சியகத்திலிருந்து ஒரு விருந்தாளி நடுவர் வந்திருந்தார். மார்ஜரி என்ற வயதான பெண், காலில் இறப்பர் சப்பாத்து. அதுவரை அதிகம் பேசவில்லை. அம்மாவின் படகைப் பார்த்து, யார் இந்த உலோக வேலை செய்தது என்று கேட்டார். பல் லாபில் வார்த்தது என்று அம்மா சொன்னதும், தான் இப்படி ஒன்றைக் கண்டதில்லை என்றார். பிறகு, வருத்தத்தோடு, குளோரியாவுக்கு நாலு குழாய் ஒருநாளும் இருந்ததில்லை என்றார். சின்ன வயதில் ஒவ்வொரு கோடையும் அந்த மூடியை மினுக்கியது தன் கைதானாம்.

அங்கிள் படத்தை நீட்டினார். மார்ஜரி அதை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். அவ்வளவு நேரம் யாரும் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை, செய்த நாங்கள் உட்பட. முன்குழாய்களின் நிழல் இடப்பக்கம் விழுகிறது, பின்குழாய்களின் நிழல் வலப்பக்கம், ஒரு ஏரிக்கு இரண்டு சூரியனா என்று கேட்டார்.

கீதன் பிரதி எடுத்துத் திருப்பி வைத்தானே. நிழலையும் சேர்த்துத்தான் திருப்பினான்.

இது எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே மார்ஜரி பின்புறத்தைத் திருப்பினார். அங்கிளின் பெயர். அங்கிளின் சொந்தச் சேகரிப்பு. நான் இரண்டு மாதமாகக் காத்திருந்த விநாடி இதுதான். அவருடைய முகத்தில் ஒன்றுமே இல்லாமல் போயிற்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு அவர், சேகரிப்பு என்று எழுதியது சங்கத்தின் வசதிக்காக, படம் உண்மையில் இவர்களுடைய வீட்டிலிருந்துதான் வந்தது என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு, அம்மாவைக் காட்டினார். விரலால் காட்டவில்லை. நாடியால்.

எல்லோரும் நாலு குழாயைப் பார்த்தார்கள். நாலு குழாய் யாருக்கு இலாபம் என்று பார்த்தார்கள். அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை.

"நீங்கள்தானே அண்ணை போன் எடுத்துச் சொன்னனீங்கள்?"

"நான் ஒரு தகவலாச் சொன்னன். துளை போடச் சொன்னனானோ?"

அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். களவு செய்தவரைப் பார்ப்பதுபோல அவர்கள் பார்ப்பது அப்போதுதான் விளங்கியிருக்கவேண்டும். இரண்டு கையையும் படகுக்கு மேல் வைத்தார், மறைக்கிறமாதிரி.

சொன்னேன். முதலில் ஆங்கிலத்தில். படத்தை நான்தான் செய்தேன் என்று. அமிர்தநாதரைப் பேய்க்காட்டி அவமானப்படுத்தத்தான், அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று. பிறகு அம்மாவுக்குத் தமிழில். தமிழில் சொல்வதற்கு அதிகம் இருக்கவில்லை. "அம்மா, அது நான்."

செயற்குழு மூலையில் நின்று பத்து நிமிடம் பேசியது. வெட்டிய புள்ளியெல்லாம் திரும்பக் கொடுத்தார்கள். அம்மா ஏமாற்றவில்லை என்று ஏற்றுக்கொள்கிறார்களாம். ஆனால் போட்டியாளர் வீட்டிலிருந்து பொய் ஆவணம் வந்தால் அந்தப் படகு போட்டியில் இருக்கமுடியாதாம். தலைமை நடுவரின் கையெழுத்து "கவனக்குறைவு" என்று குறிப்பேட்டில் பதிந்தார்கள். அவர் மிச்ச மூன்று படகுக்கும் தொடர்ந்து புள்ளி போட்டார். டக் வென்றார். டக் நல்லவர். வென்றபிறகு எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

பஸ்ஸில் அம்மா பெட்டியை மடியில் வைத்திருந்தார். கென்னடி வீதி தாண்டியபிறகு கேட்டார்.

"நான் துளை போட்டதை நீ எப்ப கண்டனீ?"

"அண்டைக்கே."

"அண்டைக்கே" என்று திருப்பிச் சொன்னார். விரல்களால் எண்ணினார். பதினெட்டு நாள்.

ஜூன் 1, ஞாயிறு

தேவாலயப் பூசையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரம் அம்மா முன்வரிசைக்காரருக்குக் கை கொடுத்தார், பின்வரிசைக்காரருக்குக் கொடுத்தார், எனக்கும் கொடுத்தார். மூன்று கையும் ஒரே அளவு.

ஜூன் 4

அப்பா வினிபெக்கிலிருந்து லொறி ஓடிக்கொண்டே பேசினார். நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். பகிடி, பாடம் படிப்பிக்க நினைத்தது, இந்த மாதிரி. அப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி பிள்ளை, அம்மா சாப்பிட்டவவோ?" என்றார். போய்ப் பார்த்தேன். சாப்பிடவில்லை.

ஜூன் 7, சனி

முப்பத்தெட்டு மணித்தியாலத்துக்குக் கையெழுத்து வாங்கப் போனேன். அமிர்தநாதர் அங்கிள் படிவத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொரு திகதியையும் தன் டயரியோடு ஒப்பிட்டார். பிறகு கையெழுத்து வைத்தார்.

"உன்ர கொம்மா நல்ல கைவேலைக்காரி. அதை நான் அண்டைக்கே கண்டனான்" என்றார்.

கெட்ட கோபம் வந்தது. ஏனென்றால் அது பொய்யில்லை. "இதுதான் வேலை" என்று சொன்னவர் அவர்தான். நான் அம்மாவிடம் "வடிவா இருக்கு" என்று மட்டும்தான் சொன்னேன், அதையும் பயத்தில் சொன்னேன்.

மிச்சம் இரண்டு மணித்தியாலம் உணவு வங்கியில்.

ஜூன் 12

மகோகனித் தூளும் பசையும் வாங்கிவந்து, ஒரு பழைய மரத்துண்டில் துளை போட்டு அடைத்துப் பழகினேன். ஆறாவது தரம் கொஞ்சம் சரிவந்தது. பெட்டியைத் திறக்கப் போனபோது அம்மா குசினியிலிருந்து வந்தார்.

"தொடாதை."

"அடைக்கலாம் அம்மா. பாருங்கோ, நான் பழகினனான்."

மரத்துண்டை வாங்கி விளக்குக்குக் கீழே பார்த்தார். நகத்தால் தடவினார். "தெரியுது" என்றார். மேசையில் வைத்தார். பிறகு கதிரையில் இருந்தார். இருந்தபடியால் பேசப்போகிறார் என்று தெரிந்தது.

"பிளானில ரெண்டு எண்டு இருந்தது. நான் அளந்தனான். ரெண்டுதான் எண்டு என்ர கைக்குத் தெரியும். பிறகும் ஒருத்தர் கையெழுத்து வச்ச படத்தை நம்பினன். அது என்ர பிழை. அதை நான் பாத்துக்கொள்ளுறன்."

மரத்துண்டை என் பக்கம் தள்ளிவைத்தார்.

"அந்தப் படத்தை நீ அந்தாளுக்குச் செய்தனீ. எனக்குக் கோபம் இல்லை. ஆனா நான் இதில இருந்து கேட்டனான், வித்தியாசம் தெரியுதோ எண்டு. உன்னைத்தான் கேட்டனான். நீ என்ர முகத்தைப் பாத்து வடிவா இருக்கெண்டனீ."

அவ்வளவுதான். எழுந்து போய்ச் சோற்றை இறக்கினார்.

ஜூன் 26

பட்டமளிப்பு. அம்மா வந்தார், சேலையில், பூவோடு. படம் எடுத்தோம். கீதனின் அம்மா எடுத்தார். நான் என் போனில் எடுக்கட்டுமா என்று கேட்டபோது அம்மா வேண்டாம் என்றார். வேறொன்றுமில்லை, வெயில் என்றார்.

ஆகஸ்ட் 9, சனி

அருங்காட்சியகத்தின் பக்கத்தில் படம் போட்டிருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டி, உள்ளே டக்கின் குளோரியா, இரண்டு குழாய், சரியான இடத்தில். தகட்டில் பெயரை முழுதாக அடித்திருக்கிறார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். பலகைகளுக்கு இடையே வெள்ளைக் கோடு தடிப்பு, அம்மாவுடையதைவிட இரண்டு மடங்கு. அங்கிளுக்குக் கண் சொன்ன அளவு.

அம்மாவிடம் காட்டவில்லை. பிறகு அவர் தன் போனில் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். அவரும் பெரிதாக்கித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டெம்பர் 20

அம்மாவின் மேசையில் இப்போது ஒன்றும் இல்லை. துடைத்து வைத்திருக்கிறார். அடுத்த வருடப் படகை அறிவித்துவிட்டார்கள் என்று சொன்னேன். "அப்பிடியோ" என்றார்.

ஒக்டோபர் 15

கல்லூரியில் நடுத்தவணைப் பெறுபேறு. எண்பத்தொன்று என்று அம்மாவிடம் சொன்னேன். நல்லது என்றார். கொஞ்சம் கழித்து, அது வீட்டுக்குத் தபாலில் வருமா என்று கேட்டார். இப்போது யாரும் தபாலில் அனுப்புவதில்லை என்றேன். சரி என்றார். எண்பத்தொன்றுதான். உண்மையாகவே எண்பத்தொன்று.

பகிடி செய்வதை நிறுத்தி ஐந்து மாதம் ஆகிறது. யாரும் கவனிக்கவில்லை. லிஃப்ட் அறிவித்தலைக்கூடக் கிழித்துவிட்டேன். கமலாம்பிகை அன்ரி இன்னும் ராசா என்றுதான் சொல்லுகிறார்.

நவம்பர் 10, திங்கள்

முதல் பனி. எல்ஸ்மியர் வீதியில் நாற்பது நிமிடம் பஸ் இல்லை. ஆறரைக்கு வீட்டில் நிற்பேன் என்று சொல்லியிருந்தேன். பிந்தும் என்று அம்மாவுக்கு எழுதினேன். பதில் இல்லை. நிறுத்தத்தில் குவிந்து நின்ற சனத்தையும் வெறும் வீதியையும் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று காட்டியது. பிறகு அழைத்தார்.

"ஏன் பிந்துது?"

"படம் அனுப்பினன் எல்லே அம்மா. பஸ் வரேல்லை."

"படம் கண்டனான்." கோபமான குரல் இல்லை, களைத்த குரல். "பக்கத்தில தமிழ் ஆக்கள் ஆரும் நிக்கினமோ?"

நின்றார் ஒருவர். தொப்பியும் பெரிய குளிர்ச்சட்டையும் போட்ட ஐயா, கையில் மரக்கறிப் பை. எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கவேண்டும். போனை நீட்டினேன். என்ன ஏது என்று கேட்காமல் கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கினார்.

"ஓம் தங்கச்சி… ஓம், பிள்ளை இஞ்சதான் நிக்குது… இல்லை, பஸ் ஒண்டும் வரேல்லை, நானும் கனநேரமா நிக்கிறன்… ஓமோம், சரி."

போனைத் திருப்பித் தந்தார். அம்மா வைத்துவிட்டிருந்தார்.

அந்த ஐயாவின் பெயரைக்கூட அம்மா கேட்கவில்லை. அவருடைய சொல் போதுமாக இருந்தது.